சுகர் மாத்திரை, சோப்பு, எறும்பு: மூணு மாசம் நான் பட்ட பாடு

வேர்க்குரு பவுடரை எங்க போடக் கூடாதோ அங்க, அதான் ஆணுறுப்பு நுனில வந்த அரிப்பு மேல, போட்டுட்டு, பாத்ரூம்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு மக்கு மக்கா தண்ணி ஊத்தினேன் பாருங்க, அன்னிக்குத்தான் சரி இனிமே இது நம்ம கையில இல்லன்னு ஒத்துக்கிட்டேன். அந்த பவுடர்ல மென்தால் இருக்கு. முதுகுல போட்டா ஜில்லுன்னு சுகமா இருக்கும், ஏற்கனவே வெடிச்சுப் போன தோல்ல பட்டா மிளகா கிள்ளின கையோட கண்ணைக் கசக்கின மாதிரிதான். வெளிய இருந்து வீட்டம்மா "ஏங்க, இவ்ளோ நேரமா தண்ணி போகுது, டேங்க் காலியாயிடும்"னு குரல் குடுக்குறாங்க, எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

எனக்கு 46 வயசு, திருச்சி, பைக்லயே சுத்துற வேலை, காலைல 9 மணிக்கு சீட்ல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் ஜீன்ஸும் வேர்வையும்தான். சுகர் வந்து எட்டு வருஷம் ஆச்சு. இந்த ஜனவரில மூணு மாச ஆவரேஜ் பாத்தப்ப 8.9னு வந்துச்சு, சுகர் டாக்டர் பழைய மெட்ஃபார்மினோட புதுசா ஒரு மாத்திரை சேர்த்தாரு, டாபாக்ளிஃப்ளோசின் 10 மில்லிகிராம், காலைல ஒண்ணு. கொஞ்சம் யூரின் அதிகமா போகும், தண்ணி நிறைய குடிங்கன்னு சொன்னாரு. வேற ஏதும் சொன்னாரான்னு இப்ப யோசிச்சா ஞாபகம் வரல, சொல்லியும் இருக்கலாம், வெளிய முப்பது பேர் உக்காந்திருந்தாங்க, எனக்கும் அவசரம்.

மாத்திரை நல்லா வேலை செஞ்சுச்சு, அதைச் சொல்லணும். ஒரு மாசத்துல வெறும் வயித்து சுகர் இறங்குச்சு, ரெண்டு கிலோ எடையும் போச்சு, நான் ரொம்ப குஷியா இருந்தேன்.

பிப்ரவரி கடைசியில லேசா அரிப்பு ஆரம்பிச்சுது. ஆணுறுப்போட நுனில, முன்தோலுக்கு உள்பக்கம். ஜீன்ஸ் உரசுது, வெயில் ஆரம்பிச்சிருச்சு, அதான்னு விட்டுட்டேன். அதோட விட்டிருந்தா பரவாயில்ல, சுத்தம் பத்தலன்னு நானா முடிவு பண்ணி சோப்பு போட ஆரம்பிச்சேன். காலைல ஒருக்கா, வந்ததும் ஒருக்கா, ராத்திரி ஒருக்கா, முன்தோலை பின்னாடி தள்ளி நல்லா நுரை வர தேய்ச்சு. ஒரு வாரத்துல அரிப்பு போய் எரிச்சல் வந்துச்சு, மொட்டு மேல தோல் பளபளன்னு இழுத்துப் பிடிச்ச மாதிரி ஆகி, பிறகு வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசா உரிய ஆரம்பிச்சுது. உரியுதுன்னா கிருமின்னு நினைச்சு ஆன்டிசெப்டிக் லோஷனை தண்ணில கலந்து கழுவினேன். எவ்ளோ கலக்கணும்னு பாட்டில்ல போட்டிருக்கும்ல, அதெல்லாம் யாரு பாத்தா, வாசனை வந்தா போதும்னு ஊத்துறதுதான. முன்தோல் ஓரத்துல கோடு கோடா வெடிப்பு விட்டுச்சு. குளிர்காலத்துல உதடு வெடிக்கும்ல, அதே மாதிரி, ஆனா யூரின் போறப்ப ஒவ்வொரு தடவையும் அது மேல பட்டு சுர்ருன்னு ஏறும்.

யார்கிட்ட சொல்றது? வீட்டம்மாகிட்டயே சொல்லல. நான்பாட்டுக்கு தள்ளித் தள்ளி திரும்பிப் படுத்துக்குறேன், அவங்களுக்கு என்ன தோணியிருக்கும்னு இப்ப நினைச்சா கஷ்டமா இருக்கு.

தெருமுனை மெடிக்கல்ல போய் நின்னேன். கடைல ஒரு பொண்ணும் நின்னுச்சு, அது உள்ள போற வரைக்கும் சும்மா ஒரு இருமல் மிட்டாய் வாங்கிட்டு நின்னேன். அப்புறம் கடைக்காரத் தம்பிகிட்ட "தம்பி, தொடை இடுக்குல அரிப்பு"ன்னேன். பொய்தான், இடத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொன்னேன். அவரும் நிமிர்ந்து கூட பாக்காம ஒரு ட்யூப் எடுத்துக் குடுத்தாரு, "இது போடுங்கண்ணே, நாலு நாள்ல போயிரும்". உண்மையாவே நாலு நாள்ல போச்சு! செவப்பு போச்சு, அரிப்பு போச்சு, நான் அந்த தம்பிய மனசுக்குள்ள கும்பிட்டேன். நிறுத்தின ஆறாவது நாள் முன்னத்த விட டபுளா வந்துச்சு. திரும்ப போட்டேன், அடங்குச்சு, விட்டேன், வந்துச்சு. இப்படியே மார்ச், ஏப்ரல் போச்சு. தோல் டிஷ்யூ பேப்பர் மாதிரி ஆயிருச்சு, தொட்டா சுருக்கம் விழுது. தேங்காய் எண்ணெய் மட்டும் கொஞ்சம் இதமா இருந்துச்சு, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போட்டது இன்னொரு தப்பு, வெடிப்பு மேல அது காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு எடுக்கவே அரை மணி நேரம் ஆச்சு. பிறகுதான் சித்திரை வெயில்ல அந்த பவுடர் கதை.

நடுவுல ஒண்ணு. பாத்ரூம்ல எறும்பு வர ஆரம்பிச்சுது. சின்னச் சின்ன கருப்பெறும்பு, நான் நின்னு யூரின் போற மூலையில மட்டும் வரிசை கட்டி. வீட்டம்மா சாக்பீஸ் கோடு போட்டுப் பாத்தாங்க, ஃபினாயில் ஊத்திப் பாத்தாங்க, மறுநாள் திரும்ப வந்துரும். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு எங்க தோணுச்சு, இது பாட்டுக்கு இது அது பாட்டுக்கு அதுன்னு இருந்தேன்.

ஸ்கின் டாக்டர்கிட்ட போக நான் பயந்ததுக்கு முக்கால்வாசி காரணம் அவரு போர்டு. தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் நிபுணர்னு கொட்டை எழுத்துல இருக்கும், நம்ம ஊர்ல மூணும் ஒரே படிப்பு. அதுக்குக் கீழ நின்னு செருப்பு கழட்டுறப்ப தெரிஞ்சவன் எவனாவது பைக்ல போனா என்ன நினைப்பான்? அதனால பக்கத்துல இருக்குறவரை விட்டுட்டு நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு க்ளினிக்குக்குப் போனேன். உள்ள பாத்தா ஸ்கூல் பிள்ளைங்க, பொடுகுக்கு வந்த அம்மா, பரு வச்ச காலேஜ் பையன், எல்லாரும் போன் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்னை ஒரு ஆள் கூட நிமிர்ந்து பாக்கல.

டாக்டருக்கு அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கும். நான் "சார், தொடை..."ன்னு இழுத்ததும் "எங்கன்னு சரியா சொல்லுங்க, நான் இதைத்தான் தினமும் பாக்குறேன்"ன்னாரு. சொன்னேன். திரைக்குப் பின்னாடி படுக்கச் சொல்லி டார்ச் அடிச்சு ஒரு நிமிஷம்தான் பாத்தாரு, ஒரு கண்ணாடி ஸ்லைடுல லேசா சுரண்டி எடுத்தாரு, வலிக்கல. பிறகு கேட்ட முதல் கேள்வி "சுகர் இருக்கா?" ரெண்டாவது "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" நான் மெட்ஃபார்மின்னு சொல்லி நிறுத்திட்டேன், புது பேர் வாயில நுழையல, போன்ல இருந்த சீட்டு போட்டோவைக் காட்டினேன். அதைப் பாத்துட்டு அவரு லேசா சிரிச்சுக்கிட்டே மூணாவது கேள்வி கேட்டாரு, "பாத்ரூம்ல எறும்பு வருதா?"

நான் ஆடிப் போயிட்டேன்.

அவரு விளக்கினது இதுதான். கிட்னி வடிகட்டுற சர்க்கரையை சாதாரணமா உடம்பு திரும்ப ரத்தத்துக்கே இழுத்துக்கும். இந்த மாத்திரை அந்த இழுக்கிற வேலையை நிறுத்திரும், சர்க்கரை யூரின்லயே வெளிய போயிரும், ஒரு நாளைக்கு சுமார் 70 கிராம். டீஸ்பூன் கணக்குல பதினாலு ஸ்பூன் சர்க்கரை! அதனாலதான் ரத்தத்துல குறையுது, எடையும் குறையுது. ஆனா யூரின் போனதும் கடைசிச் சொட்டு முன்தோலுக்குள்ள தங்கும், இருட்டு, ஈரம், சூடு, இப்ப கூடவே சர்க்கரை, ஈஸ்ட்டுங்கற பூஞ்சைக்கு கல்யாணச் சாப்பாடு. இது இந்த வகை மாத்திரைல நல்லாத் தெரிஞ்ச பக்கவிளைவுதானாம், பொம்பளைங்களுக்கு இன்னும் அதிகமா வருமாம். 2020 அக்டோபர்ல இதோட பேட்டன்ட் முடிஞ்சு நம்ம நாட்டுக் கம்பெனிகள் வரிசையா இறக்கி விலை நல்லா குறைஞ்சதுக்கப்புறம் நிறைய பேர் சாப்பிடுறாங்க, அவருகிட்ட வர்ற கேஸும் கூடியிருக்குன்னாரு.

"அப்ப சோப்பு போட்டது?" "பூஞ்சை ஆரம்பிச்சு வச்சுது, மிச்சத்தை நீங்க பண்ணீங்க"ன்னாரு. மொட்டுத் தோலும் முன்தோலோட உள்பக்கமும் கை கால் தோல் மாதிரி இல்ல, உதட்டு உள்பக்கம் மாதிரி. அதுல சோப்பு போட்டா இருக்குற கொஞ்ச எண்ணெய்ப் பசையும் போய் காய்ஞ்சு வெடிக்கும்.

ட்யூபைக் காட்டினேன். அதைத் திருப்பி மருந்துப் பேரை ஒண்ணொண்ணா விரல் வச்சு படிச்சுக் காட்டினாரு, க்ளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபைன். நாலு மருந்து ஒரே ட்யூப்ல. முதல்ல இருக்குறது ஸ்டீராய்டு, அதுலயும் ரொம்ப பவரானது. அரிப்பை உடனே அமுக்கிரும், பூஞ்சைக்கு எதிரா தோல் சண்டை போடுறதையும் சேர்த்து அமுக்கிரும், தோலை மெலிசாக்கிரும். 2018லயே இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அரசாங்கம் மாத்தியாச்சு, ட்யூப்லயே சின்ன எழுத்துல இருக்கு, ஆனா கேட்டா குடுக்குறாங்க. அவரு சொன்ன இன்னொண்ணு எனக்குப் பிடிச்சிருந்துச்சு: "இதே க்ளோபெட்டசாலை நானே சில பேருக்கு எழுதுவேன், அந்த இடத்துல தோல் வெள்ளையா மாறி இறுகுற ஒரு நோய் இருக்கு, அதுக்கு அதுதான் மருந்து. எது என்னன்னு பாத்துட்டுப் போடணும், அவ்ளோதான்."

எச்ஐவியும், சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்குப் பாக்குற விடிஆர்எல் ரத்த டெஸ்ட்டும் ஒருக்கா பாத்துரலாம்னாரு. எனக்கு வயித்தைக் கலக்குச்சு, நான் அப்படி எங்கயும் போனது இல்லையேன்னேன். "யாரு போனீங்கன்னு சொன்னா, இந்த இடத்துல புண்ணுன்னு வந்தா எல்லாருக்கும் எழுதுறதுதான்". ரெண்டும் இல்லன்னு வந்துச்சு, ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் சோறு சரியா திங்கல, காரணமே இல்லாம.

ட்ரீட்மென்ட் இவ்ளோதானான்னு இருந்துச்சு. ஃப்ளுகோனசோல் 150 ஒரே ஒரு மாத்திரை. க்ளோட்ரிமசோல் 1 பர்சன்ட் க்ரீம், வெறும் க்ரீம், கூட எதுவும் சேராதது, காலைல ராத்திரி ரெண்டு வேளை, ரெண்டு வாரம். சரியான மாதிரி தெரிஞ்சாலும் நடுவுல விடக் கூடாது. சோப்பு, லோஷன், பவுடர் அந்தப் பக்கமே போகக் கூடாது. வெதுவெதுன்னு வெறும் தண்ணி, துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்து, முன்தோலைக் கழுவினதும் மறக்காம முன்னாடி இழுத்து விட்றணும், பின்னாடியே விட்டா இறுகி வீங்கிரும். க்ரீம் போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பெட்ரோலியம் ஜெல்லி, அதான் நாம வாஸ்லின்னு சொல்றது, வாசனை இல்லாதது, வெடிப்பு மேல மெல்லிசா. யூரின் எரியாம இருக்க அதுதான் எனக்கு நிஜமா உதவினது. ரெண்டு வாரம் தாம்பத்தியம் வேண்டாம்னாரு, வாஸ்லின் போட்டுக்கிட்டு ஆணுறை போட்டா ரப்பர் வீணாகி கிழியும்னும் சொன்னாரு. வீட்டம்மாவுக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்கன்னாரு. அப்ப வேற வழி இல்லாம அன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "இதுக்கா ரெண்டு மாசமா செவுத்தைப் பாத்துப் படுத்தீங்க, நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்"னு சொல்லி தலைல ஒரு கொட்டு வச்சாங்க. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல.

முதல் வாரம் நல்லா இல்ல, உண்மையச் சொல்றேன். ஸ்டீராய்ட நிறுத்தினதுல மூணாவது நாள் செவந்து எரிஞ்சுது, பழைய ட்யூப் டிராயர்ல இருக்கு, கை அதுக்கே போகுது. எடுத்து குப்பைல போட்டேன். எட்டாம் நாள் உரியுறது நின்னுச்சு, பன்னெண்டாம் நாள் வெடிப்பு மூடுச்சு, யூரின் எரியாம போன அந்த முதல் தடவை இருக்கே... சரி விடுங்க. தோல் பழையபடி தடிமனாக இன்னும் ஒரு மாசம் ஆச்சு. வெடிப்பு வந்து வந்து ஆறினா தழும்பாகி முன்தோல் சுருங்கி, கடைசியில வெட்டி எடுக்குற ஆபரேஷன் வரைக்கும் போகுமாம், நான் அதுக்கு முன்னாடியே தப்பிச்சுட்டேன்.

மாத்திரையை நானா நிறுத்திரலாம்னு இருந்தேன், ஸ்கின் டாக்டர் விடல, அது ஹார்ட்டுக்கும் கிட்னிக்கும் நல்லது பண்ற மாத்திரை, உங்க சுகர் டாக்டர்தான் சொல்லணும்னாரு. சுகர் டாக்டர்கிட்ட போய் முழுசா சொன்னேன். ஆவரேஜ் 7.2க்கு வந்திருக்கு, தொடருங்க, திரும்பத் திரும்ப வந்தா மாத்திக்கலாம்னாரு. அதோட ஒரு எச்சரிக்கையும், காய்ச்சலோட விதைப்பையோ அதுக்குப் பின்னாடியோ வீங்கி தாங்க முடியாத வலி வந்தா ராத்திரி பகல் பாக்காம எமர்ஜென்சிக்கு ஓடி வரணும், சதையே அழுகுற ஒரு இன்ஃபெக்‌ஷன் இருக்கு, ரொம்ப அபூர்வம்தான், ஆனா 2018லயே அமெரிக்காவுல இந்த மாத்திரைகளுக்கு அதைச் சொல்லி எச்சரிக்கை விட்டிருக்காங்க.

இப்ப ஜீன்ஸ் வீட்டு பீரோல இருக்கு, காட்டன் பேன்ட்தான். யூரின் போனதும் கொஞ்சம் தண்ணி விட்டு கழுவி ஒத்தி எடுத்துர்றேன், ஆபீஸ் பாத்ரூம்ல அதுக்கு ஒரு சின்ன பாட்டில் பேக்லயே இருக்கும், வெளில இருக்குறப்ப டிஷ்யூவாவது. எறும்பு இன்னும் வருது. ஒரு மக்கு தண்ணி மூலையில அடிச்சு விட்டுட்டு வர்றேன், மறந்துட்டா வீட்டம்மா வெளிய இருந்தே கேப்பாங்க, "ஏங்க, எறும்புக்கு சாப்பாடு வச்சுட்டு வந்துட்டீங்களா?"ன்னு.