காதில் ஒரு வட்டத்தொட்டி

குரோம்பேட்டையில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்குகிற காலை ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைப்பது மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான். மற்ற நாளெல்லாம் ஒரு கை மேலே கைப்பிடியில், இன்னொரு கை பையில். புத்தகத்தைப் பிரிக்க வழியே இல்லை. மகள் பிறந்த பிறகு வீட்டிலும் படிக்க முடியாமல் போனது. இரவு ஒன்பதரைக்குப் புத்தகத்தை எடுத்தால் இரண்டாம் பக்கத்தில் கண் சொருகிவிடும், மறுநாள் அதே இரண்டு பக்கத்தை மறுபடி படிப்பேன். இப்படியே ஒன்றரை வருடம் ஒரு நாவலைக்கூட முடிக்காமல் கழிந்தது. பத்து வயதிலிருந்து படித்துக்கொண்டே இருந்த எனக்கு அது பெரிய வருத்தம், யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாத வருத்தம், ஏனென்றால் சொன்னால் "குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் படிக்கலாமே" என்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புத்தகங்களைப் பற்றிய பாட்காஸ்ட் கேட்க ஆரம்பித்தேன். படிக்கத்தான் முடியவில்லை, படித்தவர்கள் பேசுவதையாவது கேட்போம் என்றுதான் தொடங்கினேன். ஆறேழு மாதத்தில் என்னை மறுபடி படிக்க வைத்தது அதுதான். எதைக் கேட்கலாம் என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

முதலில் 'பேக்லிஸ்டட்'. ஒரே ஒரு பாட்காஸ்ட்தான் கேட்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஜான் மிட்சின்சன், ஆண்டி மில்லர் என்று இரண்டு ஆங்கிலேயர்கள், பதிப்புத் துறையிலும் எழுத்திலும் பல காலம் இருந்தவர்கள், 2015-இல் தொடங்கினார்கள். பதிப்பகங்கள் தங்களுடைய பழைய புத்தகங்களின் பட்டியலை பேக்லிஸ்ட் என்று சொல்லும், பெயர் அதிலிருந்து வந்தது. புதிதாக வெளிவந்த புத்தகத்தைப் பற்றி ஒரு முழு எபிசோடும் பேசுகிற பழக்கம் அங்கே இல்லை. ஒரு விருந்தினர் தனக்குப் பிரியமான பழைய புத்தகம் ஒன்றோடு வருவார், மூன்று பேரும் அதைப் படித்திருப்பார்கள், பெரும்பாலும் ஒரு முறைக்கு மேல். இந்தப் புத்தகம் உங்கள் கைக்கு முதலில் எப்போது வந்தது என்று விருந்தினரிடம் கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. யாரோ ஒரு அத்தை கொடுத்தது, நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது அகப்பட்டது, பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்ததால் வெறுத்தது, இருபது வருடம் கழித்து மறுபடி எடுத்தபோது அழவைத்தது. இப்படி ஒரு புத்தகம் ஒரு மனிதருக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்று முதலிலேயே தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவர் அந்த நாவலைப் பற்றி என்ன சொன்னாலும் நமக்குக் காது கொடுக்கத் தோன்றுகிறது. பின்னட்டையில் இருக்கிற குறிப்பைச் சத்தமாகப் படிப்பார்கள், அது புத்தகத்துக்குப் பொருந்துகிறதா என்று அலசுவார்கள். நடுநடுவே ஒரு பத்தியை எடுத்து நிதானமாக வாசிப்பார்கள், வாசித்து முடித்ததும் சில நொடி யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

முதல் எபிசோடில் எடுத்துக்கொண்டது ஜே.எல். கார் எழுதி 1980-இல் வந்த ஒரு சின்ன நாவல். முதல் உலகப் போரில் அடிபட்டு மனம் நொறுங்கித் திரும்பிய ஒருவன், யார்க்‌ஷயர் கிராமத்துத் தேவாலயம் ஒன்றில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடக்கும் பழைய சுவரோவியத்தை ஒரு கோடைக்காலம் முழுக்கச் சுரண்டிச் சுரண்டி வெளியே கொண்டுவருகிறான். கதை அவ்வளவுதான். இந்த எபிசோடைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் புத்தகத்தைத் தேடி வாங்கினேன், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நான் முழுதாகப் படித்து முடித்த முதல் நாவல் அது. இரவில் பத்துப் பத்துப் பக்கமாக, இரண்டு வாரம் ஆனது. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு டி.கே.சி. நினைவுக்கு வருகிறார், கம்பனை ரசிக்கச் சொல்லிக்கொடுத்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். நான் பாளையங்கோட்டைக்காரி, அவர் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி என்கிற இலக்கியக் கூட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். திருநெல்வேலியில் அவருடைய வீட்டில் நண்பர்கள் கூடுவார்கள், கம்பனிலிருந்து ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார், ஒரு வரியைச் சொல்லுவார், நிறுத்துவார், அதே வரியை மறுபடி சொல்லுவார், வேறு ஒரு சொல்லில் அழுத்தம் கொடுத்து மூன்றாவது தடவையும் சொல்லுவார். பதவுரை பொழிப்புரை எல்லாம் அப்புறம்தான், பலநேரம் தேவையே இருக்காது. ஒரு பாட்டிலேயே நேரம் போவது தெரியாமல் இருந்துவிடுவார்களாம். பேக்லிஸ்டட்காரர்களுக்கு டி.கே.சி.யைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவர்கள் செய்வது அந்த முற்றத்தில் நடந்த காரியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, நியூயார்க்கர் பத்திரிகையின் புனைகதை பாட்காஸ்ட். 2007-இலிருந்து மாதம் ஒன்று வருகிறது. ஒரு எழுத்தாளர் அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களிலிருந்து வேறு ஒருவருடைய சிறுகதையைத் தேர்ந்தெடுத்து முழுதாக வாசிப்பார், பிறகு பத்திரிகையின் புனைகதை ஆசிரியர் டெபோரா ட்ரீஸ்மேனும் அவரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். தன்னுடைய கதையை வாசிக்கக் கூடாது, இன்னொருவருடையதைத்தான் வாசிக்க வேண்டும். இந்த ஒரு விதியில்தான் இந்த நிகழ்ச்சியின் அழகு முழுதும் இருக்கிறது. நன்றாக எழுதுகிற ஒருவர் இன்னொருவர் எழுதியதை எந்த இடத்தில் மெதுவாகப் படிக்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதைக் கேட்டாலே போதும், எழுத்துப் பட்டறைக்குப் போய் உட்கார்ந்த மாதிரி. ட்ரீஸ்மேன் அதிகம் பேசமாட்டார், கேள்விகள் சின்னச் சின்னதாக இருக்கும், இந்த வாக்கியம் ஏன் இங்கே வந்தது என்பதுபோல. சில எபிசோடில் கதை முடிவைப் பற்றி இரண்டு பேருக்கும் இரண்டு கருத்து, அதைத் தீர்க்காமலே விடைபெறுவார்கள். நான் காலையில் போகும்போது கதையை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுவேன். பகல் முழுதும் அது மனதில் ஊறும். உரையாடலை மாலை திரும்பி வரும்போது கேட்பேன். நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். தயவுசெய்து வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்காதீர்கள், செய்திக்கு அது சரி, கதைக்குக் கூடாது.

பிபிசியின் 'வேர்ல்ட் புக் கிளப்' வேறு மாதிரி. 2002-இல் தொடங்கியது, ஹாரியட் கில்பர்ட் நடத்துவது. ஒரு எழுத்தாளர், அவருடைய பேர்பெற்ற ஒரே ஒரு புத்தகம், உலகம் முழுவதிலிருந்தும் வாசகர்களின் கேள்விகள். விமர்சகர்கள் கேட்கத் தயங்குகிறதை வாசகர்கள் நேராகக் கேட்டுவிடுகிறார்கள். அவளை ஏன் அப்படிச் சாகவிட்டீர்கள் என்கிற ரகம். அதன் பழைய எபிசோடுகளுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன். உம்பர்த்தோ எக்கோ 2016-இலும் டோனி மாரிசன் 2019-இலும் மறைந்துவிட்டார்கள், ஆனால் இரண்டு பேரும் அங்கே சாதாரண வாசகர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாரிசனின் குரல் தாழ்ந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் எடை பார்த்து வரும். அதைக் கேட்டபிறகு அவருடைய பக்கங்களைப் படித்தால் அந்தக் குரலிலேயேதான் கேட்கிறது.

புதுப் புத்தகம் வந்ததும் எழுத்தாளரைக் கூப்பிட்டு நேர்காணல் செய்கிற பாட்காஸ்ட்கள் ஏராளமாக இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு கேட்டுப் பார்த்தேன். எழுத்தாளர் அதே பதிலை வேறு மூன்று இடங்களிலும் சொல்லியிருப்பார், கேட்பவர் பாதிப் புத்தகம்தான் படித்திருப்பாரோ என்று தோன்றும். அதனால் அவற்றை விட்டுவிட்டேன்.

சரி, தமிழில்? கேட்பதற்குக் குறைவில்லை. தீபிகா அருணின் 'கதை ஓசை'யில் பொன்னியின் செல்வனை முழுதாக வாசித்திருக்கிறார். பாவனைகள் இல்லாத, நின்று நிதானிக்கிற வாசிப்பு. சமையலறையில் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கேட்க அதற்கு இணை கிடையாது. பவா செல்லதுரை கதை சொல்வதைக் கேட்காதவர்கள் குறைவு என்று நினைக்கிறேன், கேட்டதில்லை என்றால் இன்று இரவே கேளுங்கள். ஸ்ருதி டிவி எத்தனையோ இலக்கியக் கூட்டங்களை யூடியூபில் பதிந்து வைத்திருக்கிறார்கள், திரையை அணைத்துவிட்டுக் காதில் மட்டும் கேட்டுக்கொண்டு நான் பல சனிக்கிழமை மாலைகளைக் கழித்திருக்கிறேன். இந்தப் பதிவுகளுக்கு நாம் பெரிய நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

இவற்றில் பெரும்பகுதி வாசிப்பு, அல்லது கதைசொல்லல், அல்லது மேடைப் பேச்சு. எனக்கு வேண்டியது இன்னொன்று. இரண்டு மூன்று வாசகர்கள் ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, மைக்குக்காகக் குரலை உயர்த்தாமல், ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்து, இந்தப் பத்தியைக் கொஞ்சம் படியேன் என்று சொல்லி, ஒரு மணிநேரம் பேச வேண்டும். மேடையில் பேசுகிறவருக்கு எதிரே இருநூறு பேர் இருப்பார்கள், அவர் தயங்க முடியாது, எனக்கு இந்த அத்தியாயம் புரியவில்லை என்று சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சிநேகிதியிடம் அதைச் சொல்லலாம். புத்தகத்தைப் பற்றி உண்மையான பேச்சு அங்கே இருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். நூறு வருடத்துக்கும் மேலாக நாவல் எழுதிக்கொண்டிருக்கிற மொழி இது. பேசுவதற்குப் புத்தகங்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆன் போகல் என்ற அமெரிக்கப் பெண்மணி நடத்துகிற இன்னொரு பாட்காஸ்ட் இருக்கிறது, அடுத்து என்ன படிக்கலாம் என்பதுதான் அதன் தலைப்பு. விருந்தினர் தனக்கு மிகவும் பிடித்த மூன்று புத்தகங்களையும் பிடிக்காத ஒன்றையும் இப்போது படிப்பதையும் சொல்ல வேண்டும், அதை வைத்து அவர் மூன்று புத்தகங்களைப் பரிந்துரைப்பார். பரிந்துரைகளில் பாதி நம் ஊரில் கிடைக்காது, ஆனால் அந்தக் கேள்விகள் நல்ல கேள்விகள். போன மாதம் பாளையங்கோட்டைக்குப் பேசும்போது பெரியம்மாவிடம் கேட்டேன், உங்களுக்குப் பிடித்த மூன்று புத்தகம் எது என்று.

"ஏட்டி, அதை எதுக்கு இப்பக் கேக்க?" என்றார். அப்புறம் நாற்பது நிமிடம் பேசினார். பொன்னியின் செல்வன் கல்கியில் மறுபடியும் தொடராக வந்துகொண்டிருந்த காலத்தில் பெரியம்மா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. இதழ் வந்த அன்று சாயங்காலம் ஆச்சி முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார், பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். வேகமாகப் படித்தால் ஆச்சி விடமாட்டார். "நிறுத்து, அந்தப் புள்ள என்ன சொன்னா, அத இன்னொரு தரம் படி" என்பாராம். பூங்குழலி படகில் வருகிற பகுதியை அன்று ஒரே சாயங்காலம் மூன்று தடவை படிக்கவைத்தாராம். மூன்றாவது தடவை படிக்கும்போது ஆச்சி கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பெரியம்மா இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு பண்ணி வைத்தது இன்னும் பரணில் இருக்கிறதாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதை இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் படகுப் பகுதியைப் பெரியம்மா படிக்க வேண்டும், நான் போனில் பதிவு செய்துகொள்ளப் போகிறேன். மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருக்கும், அவளும் பக்கத்தில் இருப்பாள்.