படிவம் பி-யில் எழுதிய ஒற்றை வரி

"அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மட்டுமே, விலங்குக்குப் பாதிப்பில்லை." சுண்டெலியின் இதயத்தை ஸ்கேன் செய்து ஆராய அனுமதி கேட்கும் படிவம் பி-யில், ஆபத்து பற்றிய இடத்தில் நான் எழுதியது இவ்வளவுதான். விலங்கு நெறிமுறைக் குழு கூடிய நாளில் மஞ்சக்குப்பத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி வந்து காத்திருந்தேன். குழுவிலிருந்த கால்நடை டாக்டரம்மா அந்த வரியில் பேனாவை வைத்து, "உங்க ப்ரோப் எத்தனை மெகாஹெர்ட்ஸ்மா?" என்றார்.

"நாற்பது, மேடம்."

"கர்ப்பிணிங்களுக்கு வயித்துல வெச்சுப் பார்க்கிறது மூணு, அஞ்சு. அதுக்குச் சொல்றதை இதுக்கும் சொல்லிடலாமா?"

படிவம் திரும்பி வந்தது. கோபப்பட வழியில்லை, கேள்வி சரிதான்.

உட்கார்ந்து படித்தேன். மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒலியின் அதிர்வெண், ஏற ஏற படம் துல்லியமாகும். ஆனால் ஒலி ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுச் சூடாக மாறும். ஒலியின் அழுத்தத்தால் உடம்புக்குள் குமிழி உண்டாகும் ஆபத்து மட்டும், அதே அழுத்தத்தில், அதிர்வெண் கூடும்போது குறையும். கவனம் வேண்டியது ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் பல்ஸ்டு டாப்ளரில்: ஒலிக்கற்றை நகராமல் ஒரே இடத்தில் நின்று அங்கேயே சூடேற்றும். நுரையீரல் இன்னொரு கவலை. அழுத்தம் மிகுந்த ஒலித்துடிப்பால் சுண்டெலி நுரையீரலில் ரத்தம் கசிவதை 1990-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். நான் பார்க்கப்போவதோ இதயம்; நுரையீரல் அதை ஒட்டியே இருக்கிறது.

ஆனால் படிக்கப் படிக்க எனக்கு உறைத்தது, மயக்கமும் குளிரும்தான் எலியை அதிகம் வாட்டும் என்பது. 25 கிராம் உடம்பு, மழித்த மார்பு, மேலே ஈர ஜெல். மயக்கத்தில் அதனால் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவின் அளவு, 37 டிகிரி சூட்டுமேடை, கண்ணுக்கு ஆயின்ட்மென்ட், டாப்ளருக்கு நேர வரம்பு, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 400-க்குக் கீழே போனால் நிறுத்துவது என்று எல்லாவற்றையும் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அனுமதி கிடைத்தது.

முதல் நாளே அந்த 400 வேலைக்கு வந்தது. ஜெல் பாட்டில் ராத்திரி முழுக்க ஏசி அறையில் இருந்திருக்கிறது. நான் தொட்டுப் பார்க்கவில்லை. மார்பில் பிழிந்த சில நிமிடங்களில் உடல்சூடு 35-க்கு இறங்கியது, துடிப்பு 470-லிருந்து 390. ப்ரோபை எடுத்துவிட்டு ஜெல்லைத் துடைத்தேன், மயக்க வாயுவை மூடினேன். அனிமல் ஹவுஸ் அண்ணன் ஒன்றும் பேசாமல் வெந்நீர்ச் சொம்பில் பாட்டிலை இறக்கி வைத்தார்.

கதகதப்பான கூண்டில் முதலில் மீசை ஆடியது, பிறகு முன்னங்கால். அது தீனியைக் கொறிக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.