முக்கிக் காட்டினால்தான் கணக்கா?

பிசியோதெரபி படிக்கும்போது சீனியர் ஒருவருடைய இஎம்ஜி (தசை இறுகும்போது எழும் மின்சாரத்தை அளப்பது) ஆய்வுக்காக நானும் குப்புறப் படுத்திருக்கிறேன். கால்களைக் கட்டிலோடு பெல்ட் போட்டு இறுக்கி, மேலுடம்பைத் தூக்கச் சொல்லி, தோளை அழுத்திக்கொண்டே "இன்னும், இன்னும், விடாத" என்று காதுக்குப் பக்கத்தில் கத்துவார். அடுத்த வாரம் அதே கட்டில், அதே கத்தல், எண் மட்டும் வேறு.

எதற்கு இந்தப் பாடு என்றால், தோல்மேல் எலக்ட்ரோடு ஒட்டினால் வருவது மைக்ரோவோல்ட் கணக்கில், அதாவது மிகச் சிறிய மின்னழுத்தம். அதைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. தோலுக்கடியில் கொழுப்பு கூட இருந்தால் எண் குறையும், ஒட்டும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் மாறும். அதனால் ஒருவர் முழு பலத்தோடு இறுக்கும்போது வருவதை 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதில் எத்தனை சதவீதம் என்று சொல்வது வழக்கம்.

முதுகுவலிக்காரரிடம் இது சரிப்படாது. வலிக்குமோ என்ற பயத்தில் அவர் பாதி பலத்தோடு நிறுத்திக்கொள்வார், நாம் அதையே 100 என்று எழுதிக்கொள்வோம், அப்புறம் சும்மா குனிந்து செருப்பு மாட்டுவதுகூட ஏதோ மூட்டை தூக்குகிற மாதிரி கணக்கில் வரும். அளந்தது தசையையா, பயத்தையா?

நான் இப்போது செய்வது இதுதான். முதுகுத் தசைக்கு, குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு தொடையையும் கட்டிலைவிட்டு இரண்டு அங்குலம் தூக்கி மூன்று நொடி. வயிற்றுத் தசைக்கு, மல்லாந்து முழங்கால் மடக்கி இரண்டு பாதத்தையும் லேசாகத் தூக்கினால் போதும். அந்த அளவை 100 ஆக வைக்கிறேன். 2004-இல் டாங்கார்ட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு வலி உள்ளவர், இல்லாதவர் இருவரிடமும் பார்த்ததில், வேறு வேறு நாளில் அளக்கும்போது முழு பலத்தைவிட இந்த மிதமான முயற்சிதான் சீராக வந்தது. ஒரு குறை: கனமான கால் உள்ளவருக்கு அதே தூக்கல் பெரிய சுமை. ஆகவே ஒருவருக்கு இருக்கும் பலத்தில் எவ்வளவு செலவாகிறது என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. அதே ஆளுக்கு முன்னும் பின்னும் பார்க்க நல்லது.

நூறே தேவைப்படாத சோதனையும் உண்டு. முழுசாகக் குனிந்தால் முதுகுத் தசை அடங்கிவிடும். 1950-களிலேயே ஃப்ளாய்டு, சில்வர் என்ற ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள். முதுகுவலி உள்ள பலருக்கு அது அடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

சிக்னல் சின்னதானால் இதயத் துடிப்பு துருத்திக்கொண்டு தெரியும். போன மாதம் ஒரு பெரியவர், படுத்தபடியே தலையைத் திருப்பித் திரையில் எழும் முள்ளைப் பார்த்துவிட்டு, "தம்பி, என் முதுகா இப்படித் துடிக்குது?" என்றார். ஹார்ட்டுங்கய்யா என்று சொல்லிவிட்டு, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் மெதுவான அலைகளை வடிகட்டிக் காட்டினேன். முள் பெருமளவு குட்டையானது. அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.