ட்வீட் நீதிமன்றமும் அதற்குப் பின் வந்த அறுகோணக் கட்டடமும்

நியூயார்க் நகர மன்றத்தின் பின்புறம், சேம்பர்ஸ் தெருவைப் பார்த்தபடி நிற்கும் வெண்பளிங்குக் கட்டடத்தின் முறையான பெயர் பழைய நியூயார்க் கவுண்டி நீதிமன்றம் என்பதாகும்; கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவான மாவட்டம். ஆனால் அந்தப் பெயரால் அதை யாரும் அழைப்பதில்லை. அதைக் கட்டும் பணியில் அரசுப் பணத்தைக் கொள்ளையடித்த குழுவின் தலைவரான வில்லியம் ட்வீடின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கொள்ளையடித்தவரின் பெயரைத் தாங்கி நிற்கும் நீதிமன்றம் உலகில் வேறு எங்கேனும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

மன்ஹாட்டன் அடங்கிய நியூயார்க் கவுண்டிக்கென ஒரு புதிய நீதிமன்றம் கட்டும் பணி 1861-இல் தொடங்கியபோது, அதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 2,50,000 டாலர். கட்டடக் கலைஞர் ஜான் கெல்லம் கொரிந்தியத் தூண்கள் தாங்கும் முகப்பு, உயர்ந்த வாயிற்படிகள், உள்ளே வார்ப்பிரும்பாலான படிக்கட்டுகள் என ஒரு செவ்வியல் மாளிகையை வரைந்து தந்தார். அப்போது கவுண்டி மேற்பார்வையாளர் குழுவில் செல்வாக்குடன் இருந்தவரும், டாம்மனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பை விரைவில் தம் கைக்குள் கொண்டுவந்தவருமான ட்வீட், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஷெஃபீல்டில் ஒரு பளிங்குக் குவாரியில் பங்கு வாங்கி, அங்கிருந்தே கட்டடத்துக்குக் கல் வர ஏற்பாடு செய்தார் என்பது இந்தக் கதையின் தொடக்கம் மட்டுமே.

இந்த ஊழலைப் பற்றி எழுதுகிறவர்கள் பில்களைப் பட்டியலிட்டுச் சிரிக்க வைப்பது வழக்கம். நானும் சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மரவேலை மிகக் குறைவாகவே இருந்த அந்தக் கட்டடத்தில் ஒரே மாத வேலைக்காக ஒரு தச்சருக்கு 3,60,751 டாலர் வழங்கப்பட்டது. சாந்துப் பூச்சு வேலை செய்த ஆண்ட்ரூ கார்வி இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர் பெற்றார். மூன்று மேசைகளுக்கும் நாற்பது நாற்காலிகளுக்கும் போடப்பட்ட பில் 1,79,729 டாலர். செலவு ஏன் இப்படி ஏறுகிறது என்று ஆராய ஒரு சிறப்புக் குழு அமைக்கப்பட்டபோது, அது எல்லாம் முறையாகவே நடந்திருப்பதாகக் கூறி அறிக்கை தந்தது. அந்த அறிக்கையை அச்சிட்டதற்கு ஏழாயிரம் டாலருக்கு மேல் பெற்றுக்கொண்ட அச்சகமும் ட்வீடுக்குச் சொந்தமானதுதான்.

ஆனால் எனக்கு இந்தத் தொகைகளைவிட அவை நகர்ந்த வழியே முக்கியமாகப் படுகிறது. ஒப்பந்ததாரர் உண்மையான செலவைப் போலப் பல மடங்கு எழுதி பில் கொடுப்பார். தணிக்கையாளர் கேள்வி கேட்காமல் ஒப்புதல் தருவார். நிதிக் கட்டுப்பாட்டு அலுவலரான ரிச்சர்ட் கானலி காசோலை வழங்குவார். மேயர் ஓக்கி ஹால் கையொப்பமிடுவார். பணம் ஒப்பந்ததாரர் கைக்குப் போனதும் அதில் பெரும்பகுதி கமிஷனாக ட்வீடுக்கும் கூட்டாளிகளுக்கும் திரும்பி வரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கையொப்பம் இருந்ததால், தாளில் பார்க்கும்போது எதுவும் சட்டத்துக்குப் புறம்பாகத் தோன்றவில்லை. வேலை முடிந்துவிட்டால் பில் எழுத வழியில்லை என்பதால், கட்டடம் முடியாமல் இழுத்துக்கொண்டே போவதே இந்த ஏற்பாட்டுக்கு உகந்ததாக இருந்தது. 1867-இல் ஒரு பகுதியில் நீதிமன்றங்கள் இயங்கத் தொடங்கிய பிறகும் பணி நிற்காமல் நடந்ததை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. மொத்தச் செலவு 1 கோடியே 20 லட்சம் டாலரை ஒட்டியது என்பது பொதுவான மதிப்பீடு. அதே 1867-இல் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து அலாஸ்கா முழுவதையும் 72 லட்சம் டாலருக்கு வாங்கியது.

ட்வீடின் கொள்ளைக் குழு உடைந்தது ஒரு விபத்தால். கணக்குகளைக் கவனித்துவந்த கவுண்டித் தணிக்கையாளர் ஜேம்ஸ் வாட்சன் 1871 ஜனவரியில் பனிச்சறுக்கு வண்டி விபத்தில் காயமடைந்து இறந்தார். அதையடுத்து அலுவலகத்தில் நிகழ்ந்த மாற்றங்களால், கணக்கேடுகளின் நகல்கள் வெளியே போயின. தமக்கு வர வேண்டிய பணத்தைத் தராததால் ட்வீட் மீது கோபம் கொண்டிருந்த முன்னாள் ஷெரிஃப் ஜேம்ஸ் ஓப்ரையன் அவற்றை நியூயார்க் டைம்ஸிடம் கொண்டு சேர்த்தார். 1871 ஜூலையில் அப்பத்திரிகை தொகைகளை வரி வரியாக வெளியிட்டது. தாமஸ் நாஸ்டின் கேலிச்சித்திரங்கள், எழுத்தறியாத வாக்காளர்களிடமும் செய்தியைக் கொண்டு சென்றன. 1873-இல் ட்வீட் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது, அவர் கொள்ளையடித்த, இன்னும் முடிவடையாத அதே கட்டடத்தில்தான். பிறகு அவர் சிறையிலிருந்து தப்பி கியூபா வழியாக ஸ்பெயினுக்குச் சென்று, அங்கே பிடிபட்டு, 1878-இல் நியூயார்க்கின் லட்லோ தெருச் சிறையில் இறந்தார்.

கெல்லம் 1871-இலேயே இறந்துவிட்டிருந்தார். 1876-இல் பணியை ஏற்ற லியோபோல்ட் ஐட்லிட்ஸ், தமக்கு முன்னவரின் செவ்வியல் பாணியைத் தொடர விரும்பாமல், தெற்குச் சிறகையும் நடுவிலுள்ள எண்கோண மண்டபத்தையும் வண்ணச் செங்கல் வளைவுகளுடன், இடைக்கால ஐரோப்பாவின் ரோமானெஸ்க் பாணியில் அமைத்து 1881-இல் முடித்தார். ஊழலால் ஏற்பட்ட தாமதம் இல்லாதிருந்தால் கட்டடம் ஒரே கையால் முடிந்திருக்கும். ஐட்லிட்ஸின் மண்டபம் இருந்திருக்காது. இரண்டு பாணிகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று அக்காலத்தில் குறை கூறப்பட்டது. என் கண்ணுக்கு அந்த மண்டபமே கட்டடத்தின் சிறந்த பகுதி.

அடுத்த கட்டடத்துக்கான காரணம் அவமானம் அல்ல, இடப்பற்றாக்குறை. நியூயார்க் மாநிலத்தில் உச்ச நீதிமன்றம் என்ற பெயருடையது உண்மையில் முதல்நிலை விசாரணை நீதிமன்றம்தான். மாநகரம் பெருகப் பெருக அதன் வழக்குகள் பழைய அறைகளில் அடங்கவில்லை. 1913-இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் பாஸ்டனைச் சேர்ந்த கை லோவல் முழு வட்டமான ஒரு கட்டடத்தை வரைந்து வென்றார். முதல் உலகப் போரும் ஏறிவந்த செலவும் அத்திட்டத்தை முடக்கின. இறுதியில் வட்டம் அறுகோணமாகச் சுருங்கி, சென்டர் தெரு 60-ஆம் எண்ணில் எழுந்து 1927-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் லோவல் காலமானார். அதன் முன்னுள்ள சதுக்கத்துக்கு ஃபோலி எனப் பெயரிட்டது, டாம்மனி ஹாலின் இன்னொரு வட்டாரத் தலைவரான தாமஸ் ஃபோலியின் நினைவாக என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. முகப்பில் பொறித்த வாசகம் ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் எழுதிய கடிதத்திலிருந்து எடுக்கப்பட்டது: நல்லாட்சியின் உறுதியான தூண் நீதி பரிபாலனமே என்பது அதன் கருத்து.

பழைய கட்டடம் அதன்பின் 1961 வரை நகர நீதிமன்றமாகவும், பிறகு மாநகர அலுவலகங்களாகவும் இருந்தது. 1942-இல் சேம்பர்ஸ் தெருவை அகலப்படுத்த முகப்பின் படிகளை அகற்றினார்கள். 1974-இல் மேயர் ஆபிரகாம் பீமின் நிர்வாகம் அதை இடித்துவிட்டு அலுவலகக் கட்டடம் எழுப்ப எண்ணியபோது, பாதுகாப்பு ஆர்வலர்களின் எதிர்ப்பும் நகரைச் சூழ்ந்த நிதி நெருக்கடியும் சேர்ந்து அதைக் காப்பாற்றின. பணமில்லாததால் பிழைத்தது அந்தக் கட்டடத்துக்குப் புதிய அனுபவமாக இருந்திருக்கும். 1984-இல் நகர அடையாளச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1999 முதல் 2001 வரை பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டபோது, அகற்றிய படிகளும் திரும்பக் கட்டப்பட்டன. மேயர் ஜூலியானி அதை நகர அருங்காட்சியகத்துக்குத் தர விரும்பினார். அடுத்து வந்த ப்ளூம்பெர்க் 2002-இல் கல்வித் துறையின் தலைமையகமாக்கினார்.