உதட்டில் 7

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பழக நாளானது ஒரு விஷயம்: வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் அழுகை. முகம் சுருங்கும், வாய் கோணும், கால் உதைக்கும். சத்தம் மட்டும் வராது. சுவாசக் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் காற்றுக்கு அவற்றை அதிரவைக்க வழியில்லை. அந்தக் குழந்தையின் குரல் நன்றாகக் காதில் விழுந்தால், பெரும்பாலும் குழாய் நழுவிவிட்டது என்று அர்த்தம்.

ஷிஃப்ட் மாறும்போது "2.5 ட்யூப், உதட்டில் 7" என்று சொல்லித்தான் ஒப்படைப்போம். முதல் எண் குழாயின் உள்விட்டம், மில்லிமீட்டரில். அடுத்தது உதட்டருகே தெரியும் சென்டிமீட்டர் குறி. எடையைக் கிலோவில் எடுத்து 6ஐக் கூட்டினால் தோராயமாக அந்த ஆழம் கிடைக்கும். குறைமாதக் குழந்தையின் மூச்சுக்குழலே சில சென்டிமீட்டர்தான். குழாய் கொஞ்சம் இறங்கினால் காற்று வலது நுரையீரலுக்கு மட்டும் போகும். கொஞ்சம் ஏறினால் வெளியே வந்துவிடும். தலை குனிந்தால் இறங்கும், அண்ணாந்தால் ஏறும். அத்தனையையும் பிடித்துவைத்திருப்பது உதட்டின் மேல் ஒட்டிய ஒரு துண்டு பிளாஸ்டர்.

அன்று இரவு அந்த பிளாஸ்டர் எச்சிலில் ஊறி ஓரம் கிளம்பியிருந்ததை ஒப்படைப்பு வாங்கும்போதே பார்த்தேன். மாற்றி ஒட்ட இரண்டு பேர் வேண்டும். எல்லார் கையிலும் வேலை. சரி, மருந்துகளைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நகர்ந்தேன். அதற்குள் எக்ஸ்ரே எடுக்க வந்துவிட்டார்கள். தட்டை அடியில் வைக்க நான் ஒருத்தியாகவே குழந்தையைத் தூக்கினேன். தலை பின்னால் சாய்ந்தது. பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு) இறங்கியது, கூடவே இதயத் துடிப்பும். மாஸ்க் வைத்து, கையால் அமுக்கும் அம்பு பேக்கால் காற்று கொடுத்தேன். டாக்டர் ஓடிவந்து புதுக் குழாய் போட்டார். அதில் மாட்டிய கார்பன் டை ஆக்சைடு காட்டி ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு மாறி, குழாய் மூச்சுக்குழலில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பியது.

படிவத்தில் "குழந்தையே குழாயை இழுத்துக்கொண்டது" என்று எழுதிவிடு என்றார் கூட வேலை பார்த்த மூத்தவர். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் 900 கிராம் குழந்தை எதை இழுக்கும்? பிளாஸ்டர் கிளம்பியிருந்ததைப் பார்த்தும் விட்டேன், தனியாகத் தூக்கினேன் என்றே எழுதினேன். திட்டு விழுந்தது. அப்புறம் ஒரு வழக்கமும் வந்தது: குழந்தையை அசைக்க இரண்டு பேர், ஒருவரின் கை தலையையும் குழாயையும் விட்டு நகரக் கூடாது, அசைக்கும் முன்னும் பின்னும் குறியை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

சக்‌ஷனும் அப்படி மாறிய ஒன்றுதான். முன்பெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து, சலைன் சொட்டு விட்டு, சளியை உறிஞ்சும் மெல்லிய குழலைத் தட்டுப்படும்வரை உள்ளே விடுவோம். இப்போது சளி இருப்பதற்கு அறிகுறி தெரிந்தால் மட்டும், அளந்த ஆழம்வரை மட்டும். பெரிய குழந்தைகள் பிரிவுக்கு மாறியபோது கஃப் (குழாயைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் அடைக்கும் சிறு பலூன்) வைத்த குழாய்கள் வந்தன. குழாயின் அளவுக்கு வயதை நாலால் வகுத்து 3.5ஐக் கூட்டு, ஆறு வயதுக்கு 5. கஃப் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு" என்பவர்களை எனக்குப் பிடிக்காது. அழுத்தத்தை அளக்க மீட்டர் இருக்கிறது.

அந்த 900 கிராம் குழந்தைக்குச் சில நாள் கழித்து முறைப்படி குழாயை எடுத்தோம். மூச்சைத் தூண்டும் காஃபீன் ஏற்கெனவே தொடங்கியிருந்தது, மூக்கில் வைக்க சிபாப் (தொடர்ந்து அழுத்தத்தில் காற்று தரும் கருவி) தயார். குழாய் வெளியே வந்ததும் கரகரத்த குரலில் ஓர் அழுகை. என் கை தானாக அம்பு பேக்கை எடுத்துவிட்டது.

"சிஸ்டர், இப்ப நாமதான் எடுத்தோம்" என்றார் டாக்டர்.