செங்குத்தான வழி குறுக்கு வழியன்று

சென்ற ஞாயிறு, சிங்கப்பூரின் புக்கித் தீமா குன்றிலிருந்து இறங்கும்போது, காலடியில் எது மிகச் செங்குத்தோ அத்திசையிலேயே நடந்தால் அடிவாரத்தை விரைவில் அடையலாம் என்றாள் என் மகள். ஒரு சார்பின் மிகக் குறைந்த மதிப்பைத் (சிறுமத்தை) தேட, பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1847இல் முன்வைத்த சரிவு முறையும் அப்படித்தான் இறங்குகிறது. அதன் தொல்லையும் அதிலேயே இருக்கிறது.

அகலவாட்டு வளைவு நீளவாட்டு வளைவைப்போல் 100 மடங்கு உள்ள ஓர் இருபடிச் சார்பை எடுத்துக்கொள்வோம்; நீண்டு ஒடுங்கிய பள்ளத்தாக்கு போன்றது அது, அதன் அடிமட்ட மதிப்பு பூச்சியம். ஒவ்வோர் அடியின் நீளத்தையும் துல்லியமாகத் தேர்ந்தாலும், அடுத்தடுத்த அடிகள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் திரும்பி நெளிவதால், பாதகமான தொடக்கப்புள்ளியிலிருந்து சார்பின் மதிப்பு அடிக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே குறையும். அது மில்லியனில் ஒரு பங்காகச் சுருங்க 346 அடிகள் வேண்டும் (வீடு திரும்பியதும் கணக்கிட்டுப் பார்த்தேன்). சரிவோடு வளைவையும் கணக்கில் கொள்ளும் நியூட்டன் முறை இதே சார்பை ஒரே அடியில் முடித்துவிடும். ஆனால் வளைவை அளக்கும் இரண்டாம் வகைக்கெழுக்கள் அனைத்தும் தேவைப்படுவதால், மாறிகள் பெருகும்போது அது கட்டுப்படியாகாது.

ஒரே கிண்ணமாக அமையாமல் பல மேடுபள்ளங்கள் கொண்டிருக்கக்கூடிய குவிவற்ற சார்புகளிலோ, அடிநீளத்தைக் கவனமாகக் கட்டுப்படுத்தினாலும், சரிவு பூச்சியத்தை நெருங்கும் என்பதற்கு மட்டுமே பொதுவாக உறுதியுண்டு. சேர்ந்த இடம் சிறுமமா, சேணப்புள்ளியா (ஒரு திசையில் பள்ளமாகவும் மறுதிசையில் மேடாகவும் உள்ள இடமா) என்பது வேறு கேள்வி. பாடநூல்கள் இந்த வேறுபாட்டை இன்னும் அழுத்திச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்பா, தார்ச்சாலை வழியாகவே இறங்குவோம்,” என்றாள்.