ஒரே கதையாகக் கேட்ட ஒரு ஆல்பம்

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ‘தி ஃபைனல் கட்’ (1983) ஆல்பத்தை நேற்று இரவு பாட்டுப்பாட்டாகப் பிரிக்காமல் ஒரே கதையாகக் கேட்டேன்.

என் கணக்கில் கதாநாயகன் ஒரு பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். மனைவி தூங்கினால்தான் அவருக்கு வாய் திறக்கிறது. இன்டர்காமில் கேட்ட சக வீரனின் கடைசி வார்த்தைகள் இன்னும் காதிலேயே இருக்கின்றன. அடுத்த பாட்டு அந்த வீரனின் கனவு: முதியவர்கள் பயமில்லாமல் தெருவில் நடக்கிற ஒரு நாடு. அதில் பாட்டுகளை எழுதிப் பாடிய ரோஜர் வாட்டர்ஸின் அலறல் எங்கே முடிகிறது, சாக்சபோன் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. அந்த இடத்தை மட்டும் நாலு தடவை கேட்டேன்.

அப்புறம் 1982, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போர். 1945இல் சிரிப்பில்லாமல் வீரர்கள் வந்து இறங்கிய இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில், ஒரு பெண் மறுபடியும் கையசைத்துப் பையன்களை வழியனுப்புகிறாள். ஆசிரியரின் மனைவியோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கடைசிப் பாட்டில் காரோட்டியின் கண்ணாடியில் சூரியன் மறைகிறது. கிழக்கிலும் ஒரு சூரியன். அணுகுண்டு.

‘நாட் நவ் ஜான்’ என்ற பாட்டு மட்டும் கதையோடு ஒட்டவே இல்லை. சரி, விடுங்கள். 1944இல் இத்தாலியின் அன்சியோவில் நடந்த போரில் அப்பா இறந்தபோது வாட்டர்ஸுக்கு வயது ஐந்து மாதம். ஆல்பம் அந்த அப்பாவுக்குத்தான் காணிக்கை.